தொடுவதற்கு முன் ஒரு நகல்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



போன மாதம் பராமரிப்பு மின்தடை முடிந்து சாயங்காலம் கரண்ட் வந்தது. நம் சங்க அறைக் கம்ப்யூட்டர் மட்டும் வரவில்லை. இரண்டு நாள் மெயின்டனன்ஸ் ரசீது கொடுக்க முடியவில்லை. செயலாளர் கூப்பிட்டார், நான் போய்ப் பார்த்தேன். பெட்டிக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போயிருந்தது. வேறு ஒன்று மாட்டினேன், அரை மணி நேரத்தில் ஓடிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

எனக்கு மட்டும் அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை. காரணம், வேலையைத் தொடங்கும் முன் நான் கேட்ட ஒரு கேள்வி. "சார், இந்தக் கணக்குக்கு இன்னொரு நகல் எங்கே இருக்கு?" அறையில் நான்கு பேர் இருந்தோம். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து வரவு செலவு, வைப்புத்தொகை விவரம், வீட்டுக்காரர், வாடகைதாரர் பட்டியல், லிஃப்ட் ஒப்பந்தம், எல்லாம் அந்த ஒரே ஹார்ட் டிஸ்கில். அன்று போனது எஸ்எம்பிஎஸ். டிஸ்க் போயிருந்தால் இந்தக் கூட்டத்தில் நாம் வேறு விஷயம் பேசிக்கொண்டிருப்போம்.

அதனால்தான் செயலாளரிடம் நானே இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினேன். இது சங்க அறைக்கு மட்டுமான பேச்சு அல்ல. நம் குடியிருப்பில் விசைத்தறிச் சேலை வியாபாரம் செய்பவர்கள் இருக்கிறீர்கள். ஜவுளிக்கடை, மருந்துக்கடை, பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் கடையில் ஐடி டிபார்ட்மென்ட் என்று ஒன்று கிடையாது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் அந்த டிபார்ட்மென்ட். அவசரத்துக்கு என்னைப் போல ஒருவரை, "தம்பி, சிஸ்டம் ஓடல, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவீர்கள். அந்தப் போனுக்கும் நான் வந்து சேர்வதற்கும் நடுவில் நீங்கள் என்ன முடிவெடுக்கிறீர்கள் என்பதுதான் பெரும்பாலும் லாப நஷ்டத்தைத் தீர்மானிக்கிறது. அந்த நேரத்தில் கேட்டுக்கொள்ள வேண்டிய ஐந்து கேள்விகளைச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: இப்போது எது நிற்கிறது?

கம்ப்யூட்டர் நின்றால் கடை நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆடித் தபசுக்கு முந்தின வாரம், கடையில் கூட்டம் நெரிகிறது, பில் போடும் சிஸ்டம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை சிஸ்டத்தைச் சரி செய்வது அல்ல. பில் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுதத் தொடங்குவது. வாடிக்கையாளர் நகரட்டும். அதற்குப் பிறகு நிதானமாகப் பழுதைப் பார்க்கலாம். பத்துப் பேர் வரிசையில் நின்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுக்கிற முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் அன்று போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படங்கள் ஊரெல்லாம் சுற்றின. பலர் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. பேனாவும் தாளும் எடுக்கத் தெரிந்தவர்கள் பயணிகளை ஏற்றி அனுப்பினார்கள். ஒரு பில் புத்தகம், ஒரு கார்பன் தாள், விலைப்பட்டியலின் அச்சுப் பிரதி ஒன்று, இவை மூன்றும் உங்கள் கல்லா மேசையில் இருக்கட்டும்.

இரண்டாவது கேள்வி: நேற்று வரை ஓடியதே, நடுவில் என்ன மாறியது?

தானாகக் கெட்டுப்போவது குறைவு. ஏதோ ஒன்று மாறிய பிறகுதான் பெரும்பாலும் பிரச்சினை வருகிறது. "ஒண்ணுமே செய்யல தம்பி, தானா நின்னுபோச்சு" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கொஞ்சம் பேசிக்கொண்டே இருந்தால், "ஆமா, நேத்து நெட்காரப் பையன் வந்து மோடத்தை மாத்திட்டுப் போனான்" என்று வரும்.

அதில்தான் விடை இருக்கும். மோடம் உங்கள் கடையில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் கொடுக்கிறது, நம் வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. கம்ப்யூட்டர் அந்தக் கதவு எண்ணுக்குத்தான் பில்லை அனுப்பும். புது மோடம் வந்ததும் பிரிண்டருக்கு வேறு எண் கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டரோ பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது. பிரிண்டரிலும் பழுதில்லை, கம்ப்யூட்டரிலும் பழுதில்லை. பிரிண்டருக்கு நிலையான எண் ஒன்றைக் குறித்துக் கொடுத்துவிட்டால் முடிந்தது. இது தெரியாமல் புதுப் பிரிண்டரே வாங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

இதைவிடச் சின்னது ஒன்று. பில் பிரிண்டர் சத்தம் போடுகிறது, தாள் வெளியே வருகிறது, எழுத்து மட்டும் இல்லை. மை தீர்ந்துவிட்டதா என்று கேட்பார்கள். அந்தப் பிரிண்டரில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு தாளின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். புது ரோலைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள். நகத்தால் தாளைக் கீறிப் பாருங்கள். எந்தப் பக்கம் கறுப்புக் கோடு விழுகிறதோ அந்தப் பக்கம் பிரிண்டரின் தலையைப் பார்த்து இருக்க வேண்டும். அங்கே மாறியது ரோல், அவ்வளவுதான்.

ஆள் மாறுவதும் மாற்றம்தான். இ-வே பில் தளத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லா வணிகர்களுக்கும் கடவுச்சொல்லோடு ஓடிபியும் கட்டாயம். அந்த ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது? இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளையின் போனுக்கா? லாரியில் சேலைப் பொதி ஏற்றி, வெளிமாநிலம் போக டிரைவர் தயாராக நிற்கும்போது இது தெரிய வந்தால் கஷ்டம். இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். ஜிஎஸ்டி, இ-வே பில், வங்கி, மின்னஞ்சல், நான்குக்கும் பதிவு செய்த எண் முதலாளியின் எண்ணாக இருக்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு உதவியாக ஒரு காரியம் செய்யுங்கள். சிஸ்டம் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கட்டித் தொங்கவிடுங்கள். என்ன மாற்றினாலும் தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். மோடம் மாற்றியது, புது ஆள் சேர்ந்தது, அப்டேட் கேட்டு ஓகே கொடுத்தது, யுபிஎஸ் பேட்டரி மாற்றியது. என்னைப் போன்றவர்களுக்கு அந்த நோட்டு டாக்டருக்குப் பழைய சீட்டு மாதிரி.

மூன்றாவது கேள்வி: இங்கே மட்டுமா, எல்லா இடத்திலுமா?

நம் வீட்டில் கரண்ட் போனால் முதலில் என்ன செய்கிறோம்? பால்கனிக்குப் போய் எதிர் பிளாக்கில் லைட் எரிகிறதா என்று பார்க்கிறோம். எரிந்தால் நம் வீட்டு ஃபியூஸ். எரியாவிட்டால் ஊர்ப் பிரச்சினை. கம்ப்யூட்டருக்கும் அதே முறைதான். நெட் வரவில்லையா, போனில் வைஃபை போட்டுப் பாருங்கள். போனில் வந்தால் மோடம் நன்றாக இருக்கிறது, கோளாறு கம்ப்யூட்டர் பக்கம். போனிலும் வரவில்லையா, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் திறக்கவில்லை என்றால் கோளாறு உங்கள் கடையிலேயே இல்லாமல் இருக்கலாம், அந்தத் தளமே படுத்திருக்கும். ஜிஎஸ்டி கட்டக் கடைசி நாளில் இப்படி நடப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்.

ஒவ்வொரு சோதனையும் சந்தேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் மாற்றி, மோடத்தையும் அணைத்துப் போட்டு, கம்ப்யூட்டரையும் ரீஸ்டார்ட் செய்து, எல்லாம் ஒன்றாகச் செய்தால் ஒருவேளை சரியாகிவிடும். எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த வாரம் மறுபடி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நேரத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள். இருபது நிமிஷம். அதற்குள் தெரியவில்லை என்றால் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் இருபது நிமிஷம்கூட வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் மீட்கக்கூடியது குறையும். தெரியாமல் ஒரு ஃபைலை அழித்துவிட்டாலும் அப்படித்தான். மீட்கும் மென்பொருளை அதே டிஸ்கில் இறக்கிப் போடாதீர்கள். அழிந்த ஃபைல் இருந்த இடத்திலேயே அது போய் உட்கார்ந்துவிடலாம்.

நான்காவது கேள்விக்கு வருகிறேன். இன்று நான் பேச வந்ததே இதற்காகத்தான்: தொடுவதற்கு முன் நகல் இருக்கிறதா? அந்த நகல் திறக்கிறதா?

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மொத்தச் சேலை வியாபாரியின் கடைக்குப் போனேன். அண்ணாச்சி பெயர் வேண்டாம். ஆகஸ்ட் மாதம். சிஸ்டம் மிகவும் மெதுவாக ஓடியது. ஃபார்மட் செய்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்றேன். "கணக்கு பேக்கப் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அதெல்லாம் தினமும் பென் டிரைவ்ல ஏத்திடுவான் பையன்" என்றார். பென் டிரைவைப் போட்டுப் பார்த்தேன். டேலி ஃபோல்டர் இருந்தது. முந்தின நாள் தேதி இருந்தது. திருப்தியாக ஃபார்மட் கொடுத்துவிட்டேன்.

எல்லாம் முடிந்து கணக்கைத் திரும்ப ஏற்றித் திறந்தால், மார்ச் 31-ஓடு நிற்கிறது. ஏப்ரலில் புது நிதியாண்டுக்குக் கணக்கைப் பிரித்திருக்கிறார்கள். டேலியில் ஒவ்வொரு கம்பெனிக் கணக்கும் ஒரு எண் போட்ட தனி ஃபோல்டரில் இருக்கும். புதுக் கணக்குக்குப் புது எண். பையனுக்கு முன்பு சொல்லிக்கொடுத்தது பழைய எண்ணை. அவன் சொன்னபடி ஒரு நாள் விடாமல் பழைய ஃபோல்டரையே நகல் எடுத்திருக்கிறான். நான்கு மாதத்துக்கு மேலான கணக்கை என் கையால் அழித்திருந்தேன்.

மீட்கும் மென்பொருள்களையெல்லாம் போட்டுப் பார்த்தோம். புது விண்டோஸை அதே டிஸ்கில் ஏற்றிய பிறகு பலன் என்ன? பில் புத்தக நகல், லாரி ரசீது, வங்கி ஸ்டேட்மென்ட் வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். பத்தொன்பது நாள் ஆனது. விற்பனை வந்துவிட்டது. வெளியூர் வியாபாரிகள் பணமாகக் கொடுத்ததும், சரக்குத் திரும்பி வந்ததற்குக் கழித்ததும் சில இடங்களில் தாளிலும் இல்லை. யார் எவ்வளவு பாக்கி என்று அவரே போன் போட்டுக் கேட்க வேண்டியதாயிற்று. முப்பது வருஷம் யாரிடமும் கணக்குக் கேட்டு நிற்காத மனுஷன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, நீ கேட்டே, நான் இருக்குன்னு சொன்னேன். ரெண்டு பேரும் திறந்து பார்க்கல" என்றார். நான் அந்த மாதம் அவரிடம் கூலி வாங்கவில்லை. அவர் இன்றைக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார். ஆனாலும் அந்தக் கடைக்குள் போகும்போதெல்லாம் அந்த மார்ச் 31 என் கண்ணில் வந்து நிற்கும்.

எனக்குத்தான் இப்படி, பெரிய நிறுவனங்களில் நடக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கிட்லேப் நிறுவனத்தின் கதையைப் படித்தேன். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் இடம் அது. 2017 ஜனவரி 31 இரவு, வெகுநேரம் வேலை செய்து களைத்திருந்த ஒரு பொறியாளர், ஒரு சர்வரில் அழிக்க வேண்டியதை வேறு சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம்.

சரி, பேக்கப் இருக்குமே என்று போய்ப் பார்த்தார்கள். ஐந்து விதமான ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒன்றுகூட உருப்படியாக வேலை செய்திருக்கவில்லை. பேக்கப் சேரும் இடத்தைத் திறந்தால் காலி. பேக்கப் தோல்வி என்று தினமும் மின்னஞ்சல் கிளம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அனுப்பிய முறையில் ஒரு குறை இருந்ததால் அந்த மின்னஞ்சல்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறு ஒரு சோதனைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேர வேலை போனது போனதுதான். சுமார் 5,000 திட்டங்கள் பாதிக்கப்பட்டன. நடந்ததை மறைக்காமல் முழுவதையும் அவர்களே எழுதி வெளியிட்டார்கள், அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

எங்கள் பென் டிரைவும் அவர்களுடைய ஐந்து ஏற்பாடுகளும் ஒரே இடத்தில்தான் தோற்றன. நகல் எடுத்தோம் என்று எல்லோரும் நம்பினோம். திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

நம் மாநிலத்திலேயே இன்னொரு விதமான ஆபத்தும் நடந்திருக்கிறது. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பொதுத்துறையின் கம்ப்யூட்டர்களில் ரான்சம்வேர் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டது. திறந்துவிட டாலரில் பணம் கேட்டார்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இதே போன்ற தாக்குதல். இரண்டு வாரம் அளவுக்கு நோயாளிப் பதிவு முதற்கொண்டு தாளில்தான் நடந்தது. இந்த வகை வைரஸ் கம்ப்யூட்டரில் செருகி வைத்திருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டும். ஆகவே எப்போதும் மாட்டியே இருக்கும் பென் டிரைவ் நகல் ஆகாது. எடுத்ததும் கழற்றி வைக்க வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். மூன்று நகல் வேண்டும். ஒன்று, கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருப்பது. இரண்டாவது, வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்துக் கழற்றி வைப்பது. மூன்றாவது, வேறு கட்டடத்தில் அல்லது கூகுள் டிரைவ் மாதிரி இணையத்தில். கடையில் தீயோ திருட்டோ நடந்தால் முதல் இரண்டும் சேர்ந்தே போய்விடும், அதனால்தான் மூன்றாவது. இரண்டு டிஸ்க் வாங்கி வாரம் மாற்றி வாரம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாலே போதும், பெரிய செலவில்லை.

மாதம் ஒரு தடவை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்து பாருங்கள். ஃபோல்டரின் தேதியைப் பார்த்து ஏமாறாதீர்கள், நான் அப்படித்தான் ஏமாந்தேன். உள்ளே போய், நகல் எடுத்த அன்று போட்ட கடைசி பில் நம்பரும் தொகையும் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் இருக்கும் பில்லோடு ஒத்துப்போனால்தான் அது நகல்.

இது உங்கள் வசதிக்காக மட்டும் சொல்வதல்ல. ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். ஆறு வருஷம். ஒரு ஹார்ட் டிஸ்க் ஆறு வருஷம் உழைக்கலாம், உழைக்காமலும் போகலாம். அதை நம்பி இருக்க முடியாது.

ஐந்தாவது, கடைசிக் கேள்வி: பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா?

இதற்கு நான் மிஷினின் விலையைக் கேட்கமாட்டேன். இது ஒரு நாள் நின்றால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பேன். மருந்துக்கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் ஒரு நாள் நின்றால் பெரிய சிக்கல். மாடியில் பிள்ளை படம் பார்க்கும் கம்ப்யூட்டர் ஒரு வாரம் நின்றாலும் குடி முழுகாது. இரண்டிலும் ஒரே பழுதாக இருக்கலாம், முடிவு ஒன்றாக இருக்காது. முதலாவதற்கு மாற்று ஒன்றைத் தயாராக வைக்கலாம். இரண்டாவதைப் பழுது பார்த்து ஓட்டலாம்.

மெதுவாக ஓடுகிறது என்பதற்காக மட்டும் புதிது வாங்க வேண்டாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே பல கம்ப்யூட்டர்கள் நன்றாக ஓடும். பாதுகாப்பு என்ற காரணம் வந்தால் கணக்கு மாறும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றை அறிவித்தார்கள். விண்டோஸ் 11-க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸரோ அதற்குப் பிறகு வந்ததோ இருக்க வேண்டும். உங்கள் மிஷின் அதற்கு முந்தினது என்றால் எஸ்எஸ்டிக்குச் செலவு செய்யும் முன் யோசியுங்கள். வங்கி, ஜிஎஸ்டி வேலை நடக்கும் கம்ப்யூட்டர் என்றால் மாற்றிவிடுங்கள் என்பேன். நெட் இணைப்பே இல்லாமல் லேபிள் மட்டும் அடிக்கிற கம்ப்யூட்டர் என்றால் இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்.

யுபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. கரண்ட் போனபின் தொடர்ந்து வேலை செய்வதற்காக அது இல்லை. கணக்கைச் சேமித்து ஒழுங்காக அணைக்க அவகாசம் கொடுப்பதற்காக இருக்கிறது. எல்லா ஃபைலையும் மூடிவிட்டு, சுவரில் யுபிஎஸ் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் உடனே படுத்தால் பேட்டரி போய்விட்டது. லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், அது சூடேறும்போது இழுக்கிற மின்சாரத்தை யுபிஎஸ் தாங்காது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்தச் செயலியை இறக்குங்கள், நாங்கள் சரி செய்கிறோம்" என்று யார் போன் செய்தாலும் நம்பாதீர்கள். திரையைப் பகிரும் செயலி உங்கள் கம்ப்யூட்டர் முன்னால் அந்நியரை உட்கார வைப்பதற்குச் சமம். நாங்களும் தூரத்திலிருந்து அப்படிப் பார்ப்பதுண்டு. அது நீங்கள் எங்களைக் கூப்பிட்டு நடப்பது. வந்த போனை வைத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த எண்ணுக்கு நீங்கள் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

இனி நம் சங்க அறைக்கு வருகிறேன். அன்று எஸ்எம்பிஎஸ் மாட்டிய கையோடு மொத்தக் கணக்கையும் ஒரு வெளி டிஸ்கில் எடுத்துப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். என் மடிக்கணினியில் ஏற்றி, கடைசி ரசீது எண் வரை சரிபார்த்தோம். இப்போதைக்கு மூச்சு விடலாம். ஆனால் அது ஒரு நாள் காரியம். வழக்கமாக வேண்டும்.

அதற்காக மூன்று கோரிக்கை வைக்கிறேன், உங்கள் ஒப்புதல் வேண்டும். சங்கக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறாது, பார்த்துவிட்டேன். அதை மாற்ற நிர்வாகக் குழு மூன்று இடத்தில் விலை கேட்கட்டும். என் கடையில் விலை கேட்க வேண்டாம், நானே இங்கே நின்று சொல்லிவிட்டு நானே விற்பது முறையாகாது. அடுத்தது, இரண்டு வெளி டிஸ்க். ஒன்று பொருளாளர் வீட்டில், ஒன்று சங்க அறைப் பீரோவில், வாராவாரம் மாற வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு காலாண்டுக் கூட்டத்திலும் அறிக்கை வாசிக்கும் முன், நகலை ஒரு மடிக்கணினியில் எல்லோர் முன்னும் திறந்து காட்ட வேண்டும். கடைசி ரசீது எண்ணை உங்களில் ஒருவர் கையில் உள்ள ரசீதோடு ஒப்பிட வேண்டும். ஐந்து நிமிஷம் ஆகும்.

இன்னொன்றும் இருக்கிறது. கேமரா பதிவுகளையும் பாருங்கள். டிவிஆர் நிறைந்ததும் பழையதை அழித்து அதன் மேலேயே எழுதும். நம் டிவிஆர் எத்தனை நாள் வைத்திருக்கிறது என்று செக்யூரிட்டியிடம் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் பார்த்த பிறகுதான் தெரிந்தது, ஒன்பது நாள். பத்தாவது நாள் வண்டியில் கீறல் என்று புகார் கொடுத்தால் பார்க்க ஒன்றும் இருக்காது. இதற்குப் பெரிய டிஸ்க் வேண்டுமா, ஒன்பது நாள் போதுமா என்பதையும் நீங்கள் எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை உங்கள் கடையில் சிஸ்டம் நின்று, நானோ வேறு யாரோ ஸ்குரூ டிரைவரோடு வந்து நின்றால், எங்களை வேலை தொடங்க விடாதீர்கள். "நகல் இருக்கா, திறந்து காட்டு தம்பி, அப்புறம் தொடு" என்று சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அன்றைக்கு அண்ணாச்சி என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கலாமே என்று நான் இன்றும் நினைப்பதுண்டு.

இன்று ராத்திரியே வீட்டில் ஒரு நகல் எடுத்துவிட்டுப் படுங்கள். சந்தேகம் இருந்தால் பி பிளாக்கில் வந்து கதவைத் தட்டுங்கள், எட்டரை மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.